கூட வருவது யார்? பனிமலைக்குக் கிளம்பும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

இந்தக் குளிர்காலத்தில் முதல் தடவையாக இமயமலைப் பனியில் கால் வைக்கப் போகிறீர்கள்.

உங்களில் சிலர் என்னைக் கூப்பிட்டுப் பேசினீர்கள். என்ன ஷூ வாங்குவது, எந்த ஜாக்கெட் தாங்கும், கைக்கு ஓர் உறை போதுமா, இரண்டு வேண்டுமா என்று கேட்டீர்கள். நல்ல கேள்விகள்தாம். தெரிந்ததைச் சொன்னேன். ஆனால், "யாரோடு போவது?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. யாருக்கு லீவு கிடைக்கிறதோ, யாருக்கு ரயிலில் இடம் உறுதியாகிறதோ, அவரே துணை என்றாகிவிடுகிறது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது பத்துப் பேரிடம் விசாரிக்கிற நாம், பனியில் நம் உயிரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரை இப்படித் தேர்ந்தெடுக்கலாமா? அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

உத்தரகாண்டின் கேதார்காந்தா மலைக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை உச்சியைத் தொடாமல் திரும்பினேன், அடுத்த ஆண்டு தொட்டேன். இரண்டு முறையும் கூட வந்தவர் என் தங்கை கணவர். நான் அவரை மாப்ள என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். மதுரையில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். வாயைத் திறந்தால் கேலிதான். முதல் பயணத்தில் நான் பத்து விரலோடு கீழே இறங்கி வந்ததற்கு அந்த வாய்தான் காரணம்.

எங்களுக்குள் ஒரு பழைய வழக்கு உண்டு. அவருடைய கல்யாணத்தில் பந்தி விசாரணை என் பொறுப்பு. நடுவில் சாம்பார் தீர்ந்துபோய், மறுபடி கொதித்து வருவதற்குக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும், "மச்சான், மூணாவது பந்தியிலயே சாம்பாரை முடிச்சுட்டீங்களே" என்பார். "மூணாவது இல்ல மாப்ள, நாலாவது. அதுவும் உங்க ஆளுங்க ரெண்டு தடவை உட்கார்ந்ததால" என்பேன். வருஷக்கணக்காக அவர் கேட்பதும் மாறவில்லை, நான் சொல்வதும் மாறவில்லை.

கேதார்காந்தாவுக்கு நடை தொடங்கும் சங்க்ரி கிராமம் டேராடூனிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். முசூரி, புரோலா, மோரி என்று மலைச்சாலையில் வளைந்து வளைந்து போய்ச் சேர ஒரு முழுப் பகல் ஆகிவிடும். சங்க்ரி ஏறத்தாழ 1,950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் கொடைக்கானலைவிடச் சற்றுத் தாழ்வு. அதனால் முதல் இரவு ஒன்றும் தெரியாது, கொடைக்கானல் குளிர்தானே என்று தோன்றும். மறுநாள் காட்டுக்குள் ஏறி ஜூடா கா தாலாப் என்னும் குளத்தருகே போய்த் தங்குவார்கள். அதன் உயரம் சுமார் 2,770 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். நடக்கத் தொடங்கிய முதல் நாள் மாலையிலேயே, தெற்கே எந்த உச்சியில் நின்றாலும் கிடைக்காத உயரத்துக்கு வந்துவிடுகிறோம். கேதார்காந்தா உச்சியோ ஏறத்தாழ 3,810 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு.

இதை மாப்ள தன் கடை மொழியில் எனக்குப் புரிய வைத்தார். கார்புரேட்டர் வண்டியை மலை மேல் கொண்டுபோனால் காற்று குறைந்து பெட்ரோல் அதிகமாகிப் புகை தள்ளும், இழுவை இருக்காது. "நம்ம எஞ்சினும் அப்படித்தான் மச்சான். ஆக்சிலேட்டரை முறுக்காதீங்க, ஃபர்ஸ்ட் கியர்லயே போங்க" என்றார். நான் எத்தனையோ கட்டுரைகளில் படித்த அறிவுரை அது. ஆனால் மூச்சு வாங்கி நின்ற ஒவ்வொரு முறையும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த ஃபர்ஸ்ட் கியர்தான்.

குளம் உறைந்து கிடந்தது. அன்றிரவு கூடாரத்தில் அவர் கோவில்பட்டி கடலை மிட்டாயை எடுத்தார். பையின் வெளிப்பக்கத்தில் வைத்திருந்ததால் அது கருங்கல்லாகி இருந்தது. கடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஸ்பேனர்தான் வேணும்" என்றார். பிறகு இரண்டு பாக்கெட்டுகளை எடுத்துச் சட்டைக்குள், உடம்பை ஒட்டி வைத்துக்கொண்டார். மறுநாள் அதைத்தான் தின்றோம். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்கச் சொன்னதும் அவர்தான், வழிகாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். தண்ணீர் மேலிருந்துதான் உறையத் தொடங்கும். பாட்டிலைக் கவிழ்த்து வைத்தால் அடிப்பக்கம் உறையும், காலையில் மூடி திறக்கும். இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களை எல்லாம் சிரித்துக்கொண்டே செய்து முடித்துவிடுவார். குளிரில் இவற்றைத்தான் எல்லோரும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

உச்சிக்கு ஏறும் நாளில் அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். அங்கே நான் ஒரு தவறு செய்தேன். அதை முழுதாகச் சொல்கிறேன், நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காக. தெர்மல் உடைக்குள்ளே வழக்கம் போலப் பருத்தி பனியன் போட்டிருந்தேன். கூடாரத்தில் குளிர்ந்ததால், கையில் இருந்த ஜாக்கெட்டுகள் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினேன். ஒரு மணி நேரத்தில் உள்ளே வியர்த்து பனியன் நனைந்தது. மரங்கள் முடிந்து வெட்டவெளிச் சரிவுக்கு வந்ததும் காற்று அடித்தது. பருத்தி நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நான் நடுங்கினேன். எல்லோரும்தான் நடுங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னால் வந்த மாப்ள கேட்டார்: "மச்சான், மூணாவது பந்தியிலயே சாம்பாரை முடிச்சுட்டீங்களே?"

நான் பதில் சொல்லவில்லை.

இன்னொரு முறை கேட்டார். "சும்மா வாங்க" என்று சிடுசிடுத்தேன். அவரிடம் நான் அப்படிப் பேசியதே கிடையாது. அவர் வேகமாக ஏறி என் முன்னால் வந்து நின்று, டார்ச் வெளிச்சத்தை என் முகத்தில் படாமல் கையில் அடித்தார். கையுறையின் பட்டையை மாட்டச் சொன்னார். விரல்கள் அதைத் தேடித் தேடித் தவறவிட்டன. "எத்தனாவது பந்தி, சொல்லுங்க" என்றார். சிரிக்காமல் கேட்டார். சொல்ல வாயைத் திறந்தேன். நாலு என்ற சொல் வரவில்லை, நாக்கு தடித்துப் போயிருந்தது.

அவருக்குத் தெரிந்த இந்தி மிகக் கொஞ்சம். "ருக்கோ பாய், ருக்கோ. வாபஸ்" என்று வழிகாட்டியை நோக்கிக் கத்தினார். உச்சி கண்ணுக்குத் தெரிந்த தூரத்தில் இருந்தது. கிழக்கே வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. எங்களைக் கடந்து ஒவ்வொரு குழுவாக மேலே போய்க்கொண்டிருந்தது. நான் போகலாம் என்று அடம்பிடித்தேன். அவர் வாதம் பண்ணவில்லை. என் தோளைப் பிடித்துத் திருப்பி, "சாம்பார் கணக்கு மறந்துபோச்சு, இனிமே மேல ஏறுறதுல அர்த்தமில்ல" என்றார்.

அவரும் வழிகாட்டியும் என்னைக் காற்று படாத ஒரு பாறை மறைவில் உட்கார வைத்து, ஈர பனியனைக் கழற்றி, மாப்ளயுடைய காய்ந்த உடையைப் போட்டுவிட்டார்கள். வழிகாட்டி பிளாஸ்கிலிருந்து சர்க்கரை அள்ளிப்போட்ட சூடான டீ கொடுத்தார். சட்டைக்குள் இருந்த கடலை மிட்டாயைத் தின்னச் சொன்னார்கள். மரத்துப்போன விரல்களை என் அக்குளுக்குள்ளேயே வைத்துச் சூடேற்றச் சொன்னார்கள். யாரும் தேய்த்துவிடவில்லை. அரை மணி நேரத்தில் பேச்சு தெளிந்தது.

நண்பர்களே, எனக்கு நேர்ந்ததற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது, ஹைப்போதெர்மியா. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது அது தொடங்குகிறது. முதலில் நடுக்கம். அதன்பின் எரிச்சல், கை தடுமாற்றம், நாக்குழறல், கால் பின்னுதல். இன்னும் போனால் நடுக்கம் நின்றுவிடும். அதுதான் மிகவும் ஆபத்தான கட்டம், ஆனால் குளிர் விட்டுவிட்டது என்று நினைத்து ஏமாந்துபோவோம். இதில் கொடுமை என்னவென்றால், குளிர் சீக்கிரமே நம் புத்தியிலும் கை வைத்துவிடும். புத்தி மங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டிய அதே புத்திதான் மங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் தனக்கு ஹைப்போதெர்மியா என்று தானே அறிவது அரிது. கூட இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நீங்கள் வழக்கமாக எப்படிப் பேசுவீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழியெல்லாம் உங்களோடு பேசிக்கொண்டே வர வேண்டும். ஒரு கேலிக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று தெரிந்தவருக்குத்தான் அந்தப் பதில் வராதது உறைக்கும். இரண்டு நாளாக வாய் திறக்காமல் நடந்தவர், மூன்றாம் நாளும் வாய் திறக்கவில்லை என்றால் யாருக்கு என்ன தெரியும்? ஆகவே மலையில் சிரித்துப் பேசும் துணையைப் பொழுதுபோக்குக்கான ஆள் என்று நினைக்காதீர்கள். அவர்தான் உங்கள் உடம்புக்கு வைத்த தெர்மாமீட்டர்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் மாமன் மச்சான் கேலிக்கு ஓர் உரிமை இருக்கிறது. வேறு யார் சொன்னாலும் சண்டையாகும் சொல்லை மச்சான் சொல்லலாம். அந்த உரிமையோடு கண்டிக்கும் உரிமையும் சேர்ந்தே வருகிறது. அன்று காலை வேறு யாராவது என்னைத் திருப்பியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன். வருஷக்கணக்காகக் கேலி பண்ணும் உரிமை உள்ளவர் சொன்னதால் திரும்பினேன். மலையில் உங்கள் துணை உறவுக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு உங்களிடம் அந்த உரிமை இருக்க வேண்டும்.

கேலியில் இன்னொரு வகை இருக்கிறது, அதைக் கூட்டிப்போகாதீர்கள். மெதுவாக நடப்பவரை "பாட்டி வருது" என்பது, தலைவலி என்பவரை "இதுக்கெல்லாமா?" என்பது, திரும்பலாமா என்று கேட்டவருக்குப் பயந்தாங்கொள்ளி என்று பட்டம் கட்டுவது. அப்படிப் பேசுகிற ஒருவர் குழுவில் இருந்தால் மற்றவர்கள் தங்கள் நோவை மறைக்கத் தொடங்குவார்கள். உயரத்தில் தலைவலி, குமட்டல், சாப்பாட்டைக் கண்டால் வெறுப்பு ஆகியவை மலை நோயின் முதல் அடையாளங்கள். அவற்றைச் சொன்னால் அங்கேயே நிறுத்தலாம், கூடினால் அவரைக் கீழே கூட்டிப்போகலாம். மறைத்தால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே வினையாகும். எந்தக் கேலி உங்கள் வாயைத் திறக்க வைக்கிறது, எது மூட வைக்கிறது என்று பாருங்கள். நல்ல துணையையும் கெட்ட துணையையும் பிரித்தறிய எனக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான்.

நல்ல துணை என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது, எவரெஸ்ட் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த ஜோடி டென்சிங்கும் ரேமண்ட் லாம்பெர்ட்டும். லாம்பெர்ட் சுவிட்சர்லாந்துக்காரர். 1938-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் மோன் பிளாங் மலைத்தொடரில் ஏறப்போய்ப் பனிக்கடியால் கால்விரல்கள் அத்தனையும் இழந்தவர். அதற்குப் பிறகும் 1952-இல் எவரெஸ்டுக்கு வந்தார். டென்சிங்குக்கும் அவருக்கும் பொதுவான மொழி கிடையாது. எது நடந்தாலும் லாம்பெர்ட் பிரெஞ்சில் 'ஸா வா பியன்' என்பார், எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று பொருள். டென்சிங்கும் அதையே திருப்பிச் சொல்வார். அந்த மே மாதத்தில், சுமார் 8,400 மீட்டர் உயரத்தில், ஸ்லீப்பிங் பேக்கும் அடுப்பும் இல்லாமல் ஒரு சிறு கூடாரத்தில் இருவரும் ஓர் இரவைக் கழித்தார்கள். மெழுகுவர்த்திச் சுடரில் பனியை உருக்கித் தொண்டையை நனைத்தார்கள். உறங்கிவிடாமல் ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டு விடிய வைத்தார்கள். மறுநாள் அதுவரை யாரும் ஏறியதாக உறுதியாகத் தெரியாத உயரத்தைத் தொட்டு, உச்சிக்கு ஏறத்தாழ 250 மீட்டர் இருக்கும்போது திரும்பினார்கள். அதே ஆண்டு குளிர்காலம் நெருங்கும் நவம்பரில் மறுபடியும் போனார்கள். காற்றும் குளிரும் விடவில்லை, மறுபடியும் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு மே 29 அன்று ஹில்லாரியோடு டென்சிங் உச்சியில் நின்றபோது அவர் கழுத்தில் இருந்தது லாம்பெர்ட் கொடுத்த சிவப்புத் துணி.

இரண்டு முறை திரும்பியதால் அவர்கள் நட்பில் ஒரு கீறலும் விழவில்லை. எங்கள் கதையிலும் அப்படித்தான். ஊருக்கு வந்ததும் உறவினர் எல்லோரும் உச்சிக்குப் போனீர்களா என்று கேட்டார்கள். மாப்ள ஒவ்வொருவரிடமும் ஒரே பதில் சொன்னார்: "நாங்க திரும்பிட்டோம்." மச்சானுக்கு முடியவில்லை என்று இதுவரை ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை. மற்றதற்கெல்லாம் என்னைக் கேலி செய்கிறவர், இதற்கு மட்டும் செய்ததில்லை.

மறு ஆண்டு ஜனவரியில் அதே சரிவில், பருத்தி பனியன் இல்லாமல், ஜாக்கெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மெதுவாக ஏறினேன். உச்சியில் சிறு கல்மேடும் சூலமும் இருக்கின்றன. வெயில் அடித்து, சுவர்க்காரோகிணியும் பந்தர்பூஞ்சும் எதிரே வெள்ளையாகத் தெரிந்தன. மாப்ள மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "மூணாவது பந்தியிலயே..." அவர் முடிப்பதற்குள், "நாலாவது" என்றேன். இருவரும் சிரித்தோம், கண்ணில் நீர் வந்தது.

கையோடு சில வார்த்தைகள். பருத்தி பனியனையும் ஜீன்ஸையும் வீட்டில் விட்டுவிடுங்கள். உடம்பை ஒட்டி ஈரத்தை வெளியேற்றும் தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ், வெளியே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்காகப் போடுங்கள். நடக்கும்போது ஓர் அடுக்கைக் கழற்றுங்கள், நின்றவுடன் மாட்டுங்கள். குரங்குக் குல்லா, இரட்டைக் கையுறை, மாற்றுக் காலுறை, பனியில் கண் கூசாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். ஷூவுக்கு அடியில் மாட்டும் மைக்ரோஸ்பைக், பனி உள்ளே போகாமல் தடுக்கும் கெய்ட்டர் எல்லாம் சங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். குளிருக்கு இதம் என்று ரம் கொண்டுபோகாதீர்கள், அது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும். மரத்துப்போன விரலைத் தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். வழிகாட்டி திரும்பலாம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. 2024 ஜூன் மாதம் உத்தரகாண்டின் சஹஸ்திர தால் பாதையில், கர்நாடகத்திலிருந்து போன மலையேற்றக் குழுவினர் ஒன்பது பேர் பனிப்புயலில் சிக்கி இறந்தார்கள். நம்மைப் போல வெயில் நிலத்தில் பிறந்து மலையை நேசித்துப் போனவர்கள். அது கோடைக்காலம். நீங்கள் போவது ஜனவரியில்.

ஆகவே ஷூ வாங்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்களைக் கேலி செய்யும் உரிமையும், உங்களைக் கண்டிக்கும் உரிமையும் யாருக்கு இருக்கிறது என்று யோசியுங்கள். இன்றிரவே அவரைக் கூப்பிட்டுக் கூட வரச் சொல்லுங்கள். அவருக்கு லீவு இல்லையென்றால் அடுத்த ஆண்டு போகலாம். கிளம்பும் நாளில் இருவரும் ஒரு வாக்குக் கொடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு பேரில் யார் திரும்பலாம் என்று சொன்னாலும் இருவரும் திரும்புவோம், ஊருக்கு வந்து யாரால் என்று சொல்ல மாட்டோம்.

பத்திரமாகப் போய்ச் சிரித்த முகத்தோடு வாருங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து உங்கள் அண்ணன்